வலது காலில் கியர்

எங்கள் வீட்டுப் பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் இருக்கும். இப்போது விற்கும் வண்டிகளில் இது நேர்மாறு. அப்பா வேறு எந்த வண்டியையும் ஓட்டிப் பழகாதவர் என்பதால் அவருக்கு இதில் சிக்கல் இல்லை. தம்பியோ வில்லியனூரில் ஒரு கடைக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். பகலெல்லாம் கடையின் புது வண்டி. மாலையில் பஸ்ஸில் எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கம் வந்து இறங்கியதும் புல்லட்.

அவர்கள் இருவருக்கும் அந்த வண்டியை வைத்து நடந்த சண்டை வேறு. கறுப்புப் பெயிண்ட், தாழ்ந்த ஹேண்டில்பார், அதிரும் சைலன்சர் என்று தம்பிக்கு ஆசைகள் இருந்தன. அப்பாவோ ஒரு நட்டைக்கூட மாற்றச் சம்மதிக்க மாட்டார்.

“வாங்கியாந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்குதுடா. அதுதான் மரியாத.”

“வாங்கியாந்தப்ப ஒன் தலைல முடிகூடத்தான் இருந்துச்சு. இப்ப அப்பிடியேவா இருக்குது?”

நான் அப்பாவின் கட்சி. பழமையின் மீது எனக்குத் தனிப்பட்ட பக்தி கிடையாது. ஒருவனின் ரசனைக்காகத் தெருவில் இருக்கும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் அந்தச் சத்தத்தை ஏன் சகிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஒரு மாலை தம்பி புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். பேண்ட் முழங்கால் வரை சேறு. அப்பா வயலிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. பின்பக்கக் குழாயடியில் காலைக் கழுவியபடியே என்னிடம் மட்டும் சொன்னான். பாகூர் சாலையில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரென்று குறுக்கே ஏறியிருக்கிறது. இவன் வலது காலை அழுத்தியிருக்கிறான். வண்டி நிற்பதற்குப் பதில் அடுத்த கியருக்குப் போயிருக்கிறது. அந்த வண்டியின் கைப்பிரேக் பெயருக்குத்தான். நெல் வயலுக்குள் இறக்கியதால் தப்பித்தான்.

“அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. அப்பறம் சாவியே குடுக்காது.”

அன்றிலிருந்து நான் கட்சி மாறினேன். பெயிண்ட் எப்படியும் இருக்கட்டும், கியரையும் பிரேக்கையும் இடம் மாற்றியே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் வாதாடினேன். அசல் நிலை என்பது ஓர் அழகு. அது ஓர் உயிருக்கு ஈடாகாது என்றேன். தம்பி வயலுக்குள் இறங்கியதை மட்டும் சொல்லவில்லை. அப்பா தட்டில் கைகழுவிவிட்டு நிமிர்ந்தார்.

“செரி, மாத்திடலாம். அப்பறம் என் காலு இன்னா பண்ணும்?”

மகனுக்காக மாற்றினால் ஆபத்து தகப்பனுக்குப் போய்விடும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. அம்மா அவர் பின்னால் உட்கார்ந்துதான் சந்தைக்குப் போகிறாள்.

“ஒரு வாரத்துல பழகிடும்பா,” என்றான் தம்பி. பார்த்துவிடலாம் என்று அப்பாவும் கிளம்பினார். அந்தச் சனிக்கிழமை தம்பி கடை வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான். அதையும் புல்லட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். ஊருக்கு வெளியே, வயலை மனையாக்கிக் கல் நட்டிருந்த இடத்தில், வீடே இல்லாத தார்ச்சாலை ஒன்று நீளமாகக் கிடந்தது. அப்பா கடை வண்டியில் மெதுவாக ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. முகத்தில் பெருமை.

“ஆடு!” என்று தம்பி திடீரெனக் கத்தினான்.

அப்பாவின் இடது கால் அழுந்தியது. எஞ்சின் அலறியது; வண்டி உலுக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய் எங்கோ நின்றது.

“எங்கடா ஆடு?”

“ஆடு இன்னேரம் பிரியாணியாயிருக்கும்பா.”

அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். “நீ ஏறு இப்ப,” என்று புல்லட்டைக் காட்டினார். தம்பி எதிர்பார்த்தே இருந்தான். காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினான். அப்பா நெடுநேரம் வாய் திறக்கவில்லை. அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கையாட்டிய கணத்தில் கத்தினார். வலது கால்தான் இறங்கியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வண்டி அப்படியே இருக்கட்டும், அதை அப்பா மட்டும் ஓட்டட்டும் என்று முடிவாயிற்று. மாலை நேரங்களில் என் ஸ்கூட்டரைத் தம்பிக்குக் கொடுப்பதாகச் சொன்னேன். அதில் காலுக்கு வேலையே இல்லை; இரண்டு பிரேக்கும் கையில்.

“லேடீஸ் வண்டில போய் நின்னா பசங்க இன்னா சொல்லுவானுங்க தெரியுமா?”

“உயிரோட வந்திருக்கான்னு சொல்லுவானுங்க. எடுத்துக்கினு போடா.”

முணுமுணுத்தபடி எடுத்துப் போனான். சில வாரங்கள் நான் நிம்மதியாகவே தூங்கினேன். அசல் நிலையைக் காப்பது என்றால், அதை யார் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துத் தீர்மானிப்பதுதான் என்று எனக்கே ஒரு விளக்கம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. புல்லட் இல்லை. அப்பா வயலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தபடி உள்ளே திரும்பினால், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“வண்டி எங்கப்பா?”

“சினேகிதன் கல்யாணமாம், நெட்டப்பாக்கத்துல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவன்னான். நான்தான் சாவியக் குடுத்தேன்.” என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “மெதுவாப் போறேன்னு சொல்லியிருக்கான்மா.”

தம்பிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டுகிறவன் எடுக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அப்பா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சற்று நேரம் கழித்து முழுவதுமாக நிறுத்தினார். சாலையில் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் இருவரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பினோம்.