யாரும் பார்க்காத சரிவு

ஐம்பத்தோரு வயதில் ஸ்டீம் அக்கா முதன்முறையாகத் தன் வீட்டுக் கூரைமேல் ஏறினாள். தோளில் ஒரு மூட்டை பழைய கம்பளி. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் கணவர் "பாத்து, பாத்து" என்று விடாமல் ஓதிக்கொண்டிருந்தார். மதியம் விடுதி வண்டி வந்துவிடும். அதற்குள், கூரையின் முன்பக்கம் இருந்த பன்னிரண்டு சோலார் பலகைகளும் பின்பக்கம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

போன வாரம்தான் அவற்றை மாட்டினார்கள். தவறான பக்கத்தில் மாட்டவைத்தது சாட்சாத் அக்காவேதான்.

அவளுக்கு ஸ்டீம் என்ற பெயர் இஸ்திரிப் பெட்டியால் வந்ததா, கோபத்தால் வந்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. ஒரு மேசையும் ஒரு பெட்டியுமாகத் தொடங்கிய கடை. இப்போது வீட்டின் கீழ்த்தளம் முழுக்கச் சலவை இயந்திரங்கள். நடுநாயகமாக ஓர் உருளை இயந்திரம்: ஒரு முனையில் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுமுனையில் அட்டை மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். மின்சாரம் ஒழுங்காக இருந்தால்.

மாலையானால் தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் உயிர்பெறும், அக்காவின் உருளை உயிரை விடும். மின்னழுத்தம் இறங்கி, உருளை சூடாகாமல், விரிப்பு ஈரமும் சுருக்கமுமாக வெளியே வரும்.

இந்த நேரத்தில்தான் பெரிய விடுதி ஒன்றின் வேலை வாசல்வரை வந்தது. விருந்தினர் அறையைக் காலி செய்தபின் அழுக்கு விரிப்புகள் மதியம் வந்து சேரும். ஏழு மணிக்குள் துவைத்துத் தேய்த்துத் திருப்பித் தர வேண்டும். விடுதியின் மேற்பார்வை அம்மாள் சனிக்கிழமை ஒரு நாள் சோதனை வைத்தார். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சலவை ஆலைக்குப் போய்விடும்.

மாலை மின்சாரத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் பலகைகள். மாட்ட வந்தவன் அக்காவின் தம்பி. அதுதான் அவன் தொழில். வீட்டுக்கு இரண்டு பக்கமும் சரியும் தகரக் கூரை. முன்சரிவு தெருவைப் பார்த்தபடி கிழக்கே, பின்சரிவு மேற்கே. பின்பக்கம் போடலாம் என்றுதான் அவன் சொன்னான்.

"பின்னாடி போட்டா யாருடா பாக்கப் போறா? டயர் கடை நாயா?" என்றாள் அக்கா.

எதிர்வரிசை டிரை கிளீன் கடைக்காரர் தினமும் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. அவள் ஒன்றை நினைத்துவிட்டால் அப்பீல் கிடையாது. தம்பி முன்பக்கமே மாட்டிவிட்டுப் போனான்.

முதல் நாள் காலை அமர்க்களம். கைப்பேசியில் மின்சாரத்தின் கோடு ராக்கெட் போல ஏறியது. துணி கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாள். அவ்வளவு மின்சாரமும் வந்த நேரத்தில் உருளை சும்மா நின்றது. மாலை ஒத்திகைக்காகப் பழைய விரிப்புகளை நனைத்து ஓட்டிப் பார்த்தபோது கோடு சறுக்குமரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் ஒரு விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மடித்தார். அவர் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

அன்றிரவே தம்பி வந்தான். ஒரு துண்டை மடித்துக் கூரைபோல மேசைமேல் நிறுத்தி, கைவிளக்கை ஒருபுறமிருந்து மறுபுறம் நகர்த்திக் காட்டினான். தெற்குப் பார்த்த சரிவு இருந்தால் நாள் முழுக்கச் சேர்த்து இன்னும் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். இந்த வீட்டில் அது இல்லை. கிழக்கும் மேற்கும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். கிழக்கு காலையில் அள்ளித் தரும், மேற்கு மாலையில்.

"உனக்கு எவ்வளவு வருதுங்கிறது இல்லக்கா பிரச்சனை. எப்ப வருதுங்கிறதுதான்."

"சரி, மாத்து."

"டயர் கடை நாய் ரொம்ப சந்தோஷப்படும்," என்றான் தம்பி. அக்கா துண்டை அவன்மேல் விட்டெறிந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் தம்பி தன் கூட்டாளியோடு வந்து இணைப்பைத் துண்டித்தான். வெயில் பட்டால் பலகை தன்பாட்டுக்கு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். கழற்றும்வரை மூடி வைப்பது நல்லது என்றான். அதற்குத்தான் கம்பளிகள். அக்கா தானே ஏறுவேன் என்று நின்றாள். ஏறிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

முகட்டை எட்டியதும் மறுபக்கத்தைப் பார்த்தாள். டயர் கடையின் தாழ்ந்த கூரை. அதற்கப்பால் பேருந்துகள் நிற்கும் மைதானம். அதற்கப்பால் வானம். மரமில்லை, மாடியில்லை. சூரியன் அடிவானத்துக்குப் போகும்வரை குறுக்கே நிற்க ஒன்றுமில்லை.

"டேய், இங்க பாருடா, எவ்வளவு வானம்!" என்று கத்தினாள். தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான்.

கடைசி இரண்டு பலகைகள் மிச்சம் இருக்கும்போதே விடுதி வண்டி வந்துவிட்டது. கணவர் ஏணியை விட்டுவிட்டு மூட்டைகளை இறக்கினார். கீழே சலவை இயந்திரங்கள் அதிர, மேலே தம்பி கடைசிக் கவ்வியை முறுக்கினான்.

நான்கு மணிக்குத் தெரு வழக்கம்போலச் சோர்ந்தது. எதிர்க்கடைப் பெயர்ப்பலகை மங்கியது. அக்காவின் உருளை மங்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துத் தம்பி எண்ணை உரக்கச் சொல்ல, அவள் விரிப்பைக் கொடுக்க, கணவர் மறுமுனையில் வாங்கி மடித்தார். சூடான துணியின் மணம் கடையெங்கும் பரவியது.

பாதி அடுக்கு முடிந்தபோது தம்பியின் குரல் நின்றது. மேகம். எண் பொத்தென்று விழுந்திருந்தது. அக்கா உருளையில் கைவைக்காமலே அது ஆறுவதை உணர்ந்தாள். ஈரத்தோடு ஒரு விரிப்பு போனாலும் போச்சு. கொடுப்பதை நிறுத்தினாள்.

"எல்லாரும் மடிங்க. வர்றப்ப வரட்டும்."

மூவரும் மடித்தார்கள். யாரும் சன்னலைப் பார்க்கவில்லை; எல்லோருடைய காதும் உருளையின் இரைச்சலில் இருந்தது. மடிக்க வேண்டியது தீர்ந்து போகும் நேரத்தில் பின் சன்னல் வழியே சாய்ந்த வெயில் தரையில் நீண்டு விழுந்தது. தம்பி எண்ணைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா அடுத்த விரிப்பைக் கொடுத்துவிட்டாள்.

மேற்பார்வை அம்மாள் தானே வந்தார். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மடிப்புக்குள் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து அனுப்பிடறேன்," என்றார்.

கணவர் அப்போதுதான் பேச ஆரம்பித்தார். இரவுச் சாப்பாடு முடியும்வரை நிறுத்தவில்லை. எதிர்க்கடைக்காரர் வந்து, பலகைகள் பழுதா, திருப்பி அனுப்பிவிட்டீர்களா என்று அக்கறையோடு விசாரித்தார். ஆமாம் என்று அக்கா தலையாட்டி வைத்தாள்.

ஞாயிறு மதியம் அடுத்த வண்டி வரும்.