வக்கீல் எழுதிய ஒரு வார்த்தை

எங்கள் மகள் இறந்த இருபதாம் நாள், என் மனைவி காலடிப்பேட்டையில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சோறு வடித்து மூடி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. நான் ராயபுரத்தில் குடியிருந்தேன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற வேலை. அக்கா எனக்கு வேறு பெண் பார்த்தாள். முன்பென்றால் சத்தமில்லாமல் இன்னொரு தாலி கட்டியிருக்கலாம். சுதந்திரம் வந்தபின் புதுச் சட்டம் போட்டு, முதல் கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்யாமல் அடுத்தது கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். வக்கீலைப் பார், வக்கீலைப் பார் என்று அக்கா நச்சரித்ததில் ஒரு நாள் போனேன்.

வக்கீல் வயதானவர், தன்மையாகப் பேசினார். அடித்தாயா, குடிப்பாயா, வேறு பெண் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பின் ஏன் போனாள் என்றார். தெரியாது என்றேன். எழுதியதை வாசித்துக் காட்டினார். ‘காரணமின்றிக் கணவனைப் பிரிந்து சென்று’ என்று ஒரு வரி வந்தது. வக்காலத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். யோசித்து வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்த அன்று, பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வெறும் சளி என்று நினைத்தேன். அன்று அரிசிக் கப்பல். பாதியில் இறங்கினால் மேஸ்திரி ஏசுவான். வேலையை முடித்துக்கொண்டு போனபோது எங்கள் வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். தகவலே வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன்.

மறுநாள் திருவொற்றியூரில், அவள் வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலை வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். இளைத்திருந்தாள். வக்கீலிடம் போனதைச் சொன்னேன். பிறகு, “அன்னிக்கு எனக்குச் சேதி வந்துச்சு” என்றேன்.

“தெரியும். பக்கத்து வூட்டுக்காரரு அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு.”

பெற்ற தாயிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

“நீ வக்கீலு வெச்சிக்கோ” என்றாள். “காரணமில்லாமத்தான் வந்துட்டேன்னு கோர்ட்ல நானே சொல்றேன். கொழந்தையப் பத்தி மட்டும் அங்க பேச வாணாம்.”

வந்துவிடு என்று கேட்டேன். அந்த வீடு வேண்டாம், வேறு வீடு பார்க்கிறேன் என்றேன்.

“வூடு இன்னா பண்ணுச்சு” என்றாள்.

நான் ராயபுரத்துக்குத் திரும்பி நடந்தேன்.

வக்கீலிடம் நான் மறுபடி போகவில்லை. அக்காவிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். பெண் வீட்டுக்கு அவளே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நானும் என் மனைவியும் நாலு மைல் இடைவெளியில், சட்டப்படி புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தோம். சில வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், கூட்டமாக இருந்த பஸ்ஸில் ஏறினாள். நான் எழுந்து இடம் விட்டேன். உட்கார்ந்தாள். காலடிப்பேட்டை வந்ததும் இறங்கிப் போனாள்.