எதிர் புளோக்கில் முதலில் ஓடிய லிப்ட்

ஹமீதா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் தாழ்வாரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர் புளோக்கில் குடியிருக்கும் கஸ்தூரி தொலைபேசியில் அழைத்தாள். “விமலாக்கா, ஹமீதாக்கா தவறிட்டாங்க. காலையில தொழுதுட்டு ஒக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். மதியத் தொழுகைக்கு அப்புறம் எடுத்துருவாங்க, சீக்கிரம் வாங்கக்கா” என்றாள். எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை. படுக்கையில் விழாமல், யாரையும் தூக்க வைக்காமல், துடைக்க வைக்காமல், தொழுத கையோடு போய்விட்டாரே, இதிலும் என்னை முந்திக்கொண்டாரே என்றுதான் தோன்றியது. கண்ணீர் பிறகு வந்தது. நிறையவே வந்தது.

எங்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அன்று கூட்டத்தில் யாரோ, “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி பழகுனாங்க” என்று சொன்னார்களாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் ஏ புளோக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவி. நான் பி புளோக் தலைவி. இடையில் ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு சாக்கடையும். இத்தனை வருடமும் நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். இறந்தவரைப் பற்றி எழுதுகிறோம் என்பதற்காக அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போவுக்கு வரும் சுற்றுப்பயணிகள் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தெருவிலிருந்து எங்கள் அடுக்குமாடிக்கு நடந்தே வந்துவிடலாம். யாரும் வந்ததில்லை. இங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் விற்கப்பட்டபோது கிளம்பி வந்தவர்கள். நானும் அதில் ஒருத்தி. ஹமீதா அக்கா அப்படி வந்தவர் இல்லை. லூமுட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். ஈப்போவில் உணவகம் நடத்தியவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அவர் இறந்த பிறகு ஏ புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்றார். அதோடு அவர் வைக்கும் மிளகாய்ச் சம்பலுக்காக ஜெலாப்பாங்கிலிருந்து மோட்டார்சைக்கிளில் ஆள் வரும். என் சம்பலும் நன்றாகத்தான் இருக்கும். அதைத் தேடி எங்கள் புளோக்கின் மேல் மாடியிலிருந்துகூட யாரும் இறங்கி வந்ததில்லை.

இறங்கி வராததற்கு லிப்டும் ஒரு காரணம். அப்போது இரண்டு புளோக்கிலும் லிப்ட் செத்துக் கிடந்தது. என் கணவர் மணியம் ஒரு தொழிற்சாலையில் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வந்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது ஆறாவது மாடியில். நகரத்தின் நடுவில் பழுதாகிக் கிடக்கும் ஏழைகளின் அடுக்குமாடிகளைச் சீர்படுத்த அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, நிலைமை எங்கே மோசமோ அங்கே முதலில் செய்வார்கள் என்று தெரிந்தபோது, எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் லிப்ட் ஓட வேண்டும், இவர் கீழே இறங்க வேண்டும்.

அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் நான் எங்கள் புளோக்கையே கலக்கிவிட்டேன். எல்லாரையும் கூட்டி கோத்தோங் ரோயோங் என்று கூட்டுத் துப்புரவு நடத்தி மாடிப்படிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். சுவரில் இருந்த வெற்றிலைக் கறையைச் சுரண்டினோம். வாசலில் தோரணம், கோலம். அதிகாரிக்கு மாலை போட்டு, உளுந்து வடையும் கேசரியும் கொடுத்தேன். அவர் வடையைச் சாப்பிட்டபடி சுற்றிலும் பார்த்து, மலாயில் “அழகாக இருக்கிறது, இப்படித்தான் இருக்க வேண்டும்” என்று மனதாரப் பாராட்டினார். நாங்கள் கை தட்டினோம். படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அங்கிருந்து அவர் ஏ புளோக்குக்குப் போனார். என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று நானும் பின்னாலேயே போனேன். ஒன்றுமே செய்திருக்கவில்லை. முதல் நாள் கூட்ட வந்தவர்களையும் ஹமீதா அக்கா, “யாரும் வெளக்கமாத்தத் தொடாதீங்க” என்று விரட்டிவிட்டிருந்தார். குப்பை குப்பையாகவே கிடந்தது. அதிகாரிக்கு நாற்காலிகூடப் போடவில்லை. தண்ணீர் கேட்டவரிடம் மலாயில், “குளிரா சிராப் பானம் கலந்து வச்சிருக்கேன், மேலே என் வீட்டுல” என்றார். அவர் வீடு ஏழாவது மாடியில். மூட்டுவலியோடு அவர் முன்னால் ஏற, அதிகாரி பின்னால் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதருக்குப் பேச்சே வரவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. “குடிங்க. எறங்குறப்பவும் படிதானே” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்த வருடம் ஏ புளோக்குக்கு லிப்ட் கிடைத்தது.

அது ஓட ஆரம்பித்த அன்று அதன் மணிச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. இவர் ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே மேலும் கீழும் போகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக ஹமீதா அக்காவின் மேசைக்கே போனேன். “என்னாக்கா, ஒங்களுக்கு இந்த வித்தை தெரியும்னா எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்லா?” என்று கத்தினேன். வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாழை இலையை மடிப்பதை நிறுத்தவே இல்லை. “வித்தை என்னா இருக்கு விமலா? டாக்டர்கிட்ட போறப்ப புண்ணு மேல பவுடர் பூசிக்கிட்டா போவே?” என்றார். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன்.

அடுத்த ஒதுக்கீட்டுக்கு அதிகாரி மறுபடி வருவதாகச் சொன்னபோது நானும் அதே வழியில் போவது என்று முடிவு செய்தேன். யாரும் எதையும் கழுவக் கூடாது என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்கள். அன்று காலை கதவைத் திறந்தால் தாழ்வாரம் பளபளவென்று ஈரமாக இருந்தது. அடுத்த வீட்டு முனியம்மா அத்தை விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார். “பெரிய ஆளுங்க வாராங்க, குப்பையா கெடந்தா நம்ம மானம் என்னாத்துக்கு ஆவுறது? நான் மட்டும்தான் கூட்டுறேன்னு பாத்தா கீழ எல்லா மாடியிலயும் கூட்டுறாங்க புள்ள” என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. தோட்டத்தில் துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் அடுப்படியிலிருந்து சாக்கடை வரை கழுவி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் ஏசுவார். அந்தப் பயம் பழக்கமாகி, பழக்கம் பெருமையாகிவிட்டது. துரை போய்விட்டார், தோட்டமும் போய்விட்டது, விளக்குமாறு மட்டும் எங்கள் கையிலேயே தங்கிவிட்டது. ஹமீதா அக்கா கடைக்காரர் வீட்டுப் பெண். அரிசியில் கல் இருந்தால் கல் இருக்கிறது என்று மூட்டைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி வளர்ந்தவர். குறையைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. அந்த வெட்கமின்மையைப் பார்த்துத்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொறாமை.

அதிகாரி எங்கள் மாடிக்கு ஏறி வந்தபோது பின்னால் ஹமீதா அக்காவும் கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறி வந்தார். என் புளோக்கில் அக்காவுக்கு என்ன வேலை என்று எனக்கு எரிச்சல். வீட்டுக்குள் போனால், இவர் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, மடியில் நல்ல போர்வையாக எடுத்துப் போட்டுக் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, “ஓக்கே லா துவான், ஒரு பிரச்சினையும் இல்லை” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹமீதா அக்கா யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. “தம்பி, நீங்க கடைசியா எப்போ கீழ எறங்குனீங்க?” என்று இவரிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

“தீவாளிக்கு முன்னாடிக்கா” என்றார் இவர். “ஆஸ்பத்திரிக்கு. நாலு பேரு நாக்காலியோட தூக்கிட்டு எறங்குனாங்க. நடுப்படியில ஒருத்தருக்குக் கை வழுக்கிருச்சு, நான் கத்திட்டேன். பாத்துக்கிட்டு நின்ன பசங்க சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் நான் கிளினிக் பக்கமே போவல. விமலாகிட்ட வலிக்குதுன்னு சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டு அவரே போர்வையை எடுத்துவிட்டார். ஹமீதா அக்கா அதை அப்படியே மலாயில் அதிகாரிக்குச் சொன்னார். அவருடைய மலாயும் என் மலாயைவிட நன்றாக இருக்கும். பழக்கத்தில் நான் நீட்டிய வடையை அதிகாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வருட ஒதுக்கீடு எங்களுக்கு வந்தது.

லிப்ட் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இவருடைய மருந்தையெல்லாம் நான்தான் போய் வாங்கி வந்துகொண்டிருந்தேன். வலி என்று இவர் சொன்னதை நம்பித் தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான். என்னிடம் சொல்லாததை எதிர் புளோக்கிலிருந்து வந்தவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கேள்வியில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நெஞ்சே ஆறவில்லை. “என்கிட்ட ஏன் சொல்லல?” என்று இவரிடம் சண்டைக்குப் போனேன். “நீ கேட்டா பதிலையும் நீயே சொல்லிருவே. அக்கா கேட்டுட்டு சும்மா இருந்தாங்க” என்றார்.

எங்கள் லிப்ட் ஓடத் தொடங்கிய அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டேன். இவரைக் கிந்தா ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காற்று வாங்க வைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். கீழே இறங்கி வெளிச்சத்துக்கு வந்ததும் இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ஏ புளோக்குக்குத் தள்ளு விமலா, நாசி லெமாக் சாப்புட்டுப் போலாம்” என்றார். ஹமீதா அக்கா இவரைக் கண்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “மொறைக்காதே, ஒனக்கும் கட்டி வச்சிருக்கேன்” என்றார். ருசியாகவும் இருந்து தொலைத்தது. இவர் ஒவ்வொரு வாயாக ரசித்துச் சாப்பிட, நான் ஏதோ முணுமுணுத்தேன் போலிருக்கிறது. “ஒனக்கென்னா விமலா, கோவிச்சிக்கிறதுக்கு வீட்டுல ஒரு ஆளு இருக்கு” என்றார் அவர். அவர் என்மேல் பொறாமைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். அன்று முழுவதும் எனக்கு மனசு நன்றாக இருந்தது.

அடக்கத்தன்று ஹமீதா அக்காவைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை. மாடிப்படி வழியாகத்தான் இறக்கினார்கள். இரண்டு புளோக் ஆண்களும், கீழே கார் பழுதுபார்க்கும் சீனரும், அவருடைய மகன்களும் என்று தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டு வந்தார்கள். தொட இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நடந்தார்கள். எனக்கு இத்தனை தோள் வருமா என்று நினைத்துக்கொண்டேன். இவர் கீழே நாற்காலியில் காத்திருந்து, சந்தூக்கு கடந்து போகும்போது கை கூப்பினார். பள்ளிவாசல் வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.

அதற்கப்புறம் சில நாள் இவர் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். துக்கம் என்றே நினைத்தேன். வழக்கம்போல, “அழுது என்னா ஆவப் போவுது, சாப்புடுங்க” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, “என்னாங்க?” என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தேன்.

“இருக்குற கால்ல ரெண்டு வெரல்ல உணர்ச்சியே இல்ல விமலா” என்றார். “அடியில புண்ணு இருக்கு. அக்காகிட்ட சொல்லிட்டு ஒன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இனிமே நீதானே.”

மறுநாள் காலையில் முதல் வேலையாக மருத்துவமனைக்குக் கிளம்பினோம். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கட்டினார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் இந்தக் காலும் போயிருக்கும் என்றார் மருத்துவர். ஹமீதா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. அவருக்கு அது தானாக வந்தது. எனக்கு ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டித்தான் வருகிறது. திரும்பி வரும்போது லிப்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். “இப்பல்லாம் நீ அக்கா மாதிரியே கேக்குறே” என்றார் இவர், என் கையைப் பிடித்துக்கொண்டு. பாராட்டாகத்தான் சொன்னார். கையை விடாமலே நின்றேன். புதைத்து மண் காய்வதற்குள், மறுபடி அந்த அம்மாள்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.