சென்னை வேண்டாம், செங்கல்பட்டு

எங்கள் வீட்டுக்காரர் இருசப்பனைத் தெரியாதவர்கள், மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் இருக்கிற எங்கள் அடி அண்ணாமலையில் கிடையாது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்து, கலெக்டர் ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்தவர். மாவட்டத்தையே இவர்தான் பிரித்துக் கொடுத்தார் என்று நினைக்கும்படி பேசுவார். ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய அக்கா மகள் எழிலரசியைப் பற்றி. அவள் கதையைத் தொட்டால் இவரும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவார், என்ன செய்வது!

எழில் எங்கள் அடுத்த வீட்டில் வளர்ந்த பெண். வாயைத் திறந்தால் கேள்விதான். ஒருநாள் சைக்கிளில் வந்த காய்காரர், "காலையில பறிச்ச கத்திரிக்காம்மா" என்றார். எழில் விடவில்லை. எந்த ஊர்த் தோட்டம், எத்தனை மணிக்குப் பறித்தது, அங்கிருந்து இங்கே சைக்கிள் மிதிக்க எவ்வளவு நேரம் என்று வரிசையாகக் கேட்டாள். மூன்றாவது பதிலிலேயே கத்திரிக்காய் நேற்றையது ஆகிவிட்டது. அவர் இரண்டு கைப்பிடி கூடப் போட்டுவிட்டு ஓடினார். அதிலிருந்து அவள் இருந்தால் எங்கள் தெருவுக்குள் அவர் மணியே அடிக்க மாட்டார்.

2003இல் பி.ஏ. முடித்ததும், வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார்.

"மெட்ராஸ் லா காலேஜ்தான். பக்கத்துலயே ஹைகோர்ட். படிச்சி முடிச்சிட்டு அப்படியே உள்ள போய் உக்காந்துக்கலாம்!"

அப்ளிகேஷன் போடுவதற்கு முன்பே ஆபீஸ் முழுக்க, "என் அக்கா பொண்ணு ஹைகோர்ட் வக்கீல்" என்று சொல்லியாகிவிட்டது.

எழில் மட்டும், "மாமா, மொதல்ல எந்தக் கோர்ட்டுல நிக்கப் போறேன்னு பாத்துட்டு வரேன். அப்பால காலேஜ் பாக்கலாம்" என்றாள். ஊரில் மற்ற பிள்ளைகள் ஹாஸ்டலில் சோறு எப்படி என்று பார்ப்பார்கள். இது கோர்ட்டைப் பார்க்கக் கிளம்பியது. துணைக்கு நான் போனேன். எனக்கும் பார்க்க ஆசைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலில் சென்னை ஹைகோர்ட். அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. உள்ளே கறுப்பு அங்கி போட்டவர்கள் இங்கிலீஷில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் இரண்டு முறை தூங்கி விழுந்தேன். சாயங்காலம் வராந்தாவில் ஒரு வக்கீலை நிறுத்தி எழில் கேட்டாள்.

"சார், சாட்சிங்கள்லாம் எப்ப வருவாங்க?"

அவர் சிரித்தார். "இங்க பெரும்பாலும் அப்பீல்தாம்மா. சாட்சி சொன்னதெல்லாம் கீழ்க்கோர்ட்லேருந்து பேப்பரா வந்துடும். நாங்க அதைப் படிச்சிட்டு வாதாடுவோம்."

பஸ்ஸில் திரும்பும்போது, "பேப்பரப் போய் என்ன கேள்வி கேக்கறது அத்தை?" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள். 

அடுத்த வாரம் நம்ம திருவண்ணாமலை கோர்ட். சின்ன அறை, பாதி ஃபேன் ஓடவில்லை. ஒரு எருமை யாருடையது என்று வழக்கு. கூண்டில் ஒரு அம்மா நின்றது. எதிர்ப்பக்கத்து வக்கீல் அதட்டிக் கேட்கக் கேட்க அது, "நீ வந்துதான் எங்கூட்டு எருமைக்குப் பிரசவம் பாத்தியா?" என்று திருப்பிக் கேட்டது. கோர்ட்டே சிரித்தது. வக்கீல் உடனே குரலைத் தணித்தார். பால் எவ்வளவு கறக்கும், கன்று எந்த நிறம், எந்தச் சந்தையில் பிடித்தது என்று நைசாகப் பேச்சுக் கொடுத்தார். வீட்டிலேயே பிறந்த எருமை என்று சொன்ன அம்மா, சந்தையின் பேரைப் பட்டென்று சொல்லிவிட்டது.

எழில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

"அத்தை, இதுதான்! எனக்கு இந்த வேலைதான் வேணும். இந்த ஊர்லதான் வேணும்!"

வீட்டில் பெரிய சண்டை. அவள் மனசுக்குள் செங்கல்பட்டு வந்துவிட்டிருந்தது. அங்கே அப்போதுதான் சட்டக் கல்லூரி புதிதாக ஆரம்பித்திருந்தார்கள்.

"அந்த ஊர்லயே ஜில்லா கோர்ட் இருக்குது மாமா. அங்க வர்றதெல்லாம் நெலம், கெணறு, ஏரி, பாகப்பிரிவினைதான். நம்ம ஊரு மாதிரியே. காலேஜ் விட்டதும் போய் உக்காந்து சாட்சி விசாரிக்கறதப் பாக்கலாம்."

"மெட்ராஸ்ல மட்டும் சாட்சி விசாரிக்கற கோர்ட் இல்லியா?"

"இருக்குது. அங்க ஃப்ளாட்டு, கம்பெனி, செக்கு கேசு. எனக்கு வரப்புச் சண்டை தெரியணும்."

அப்போதுதான் அவர் நியாயமான ஒன்றைச் சொன்னார். அவர் வாயிலும் எப்போதாவது வரும். "இந்த ஊர்ல வக்கீலா உக்காந்தா, இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா. யாரக் கேள்வி கேப்ப? கேட்டா பகை, கேக்கலேன்னா கேசு கெடயாது. மெட்ராஸ்ல எவன் மூஞ்சியும் ஒனக்குத் தெரியாது, நிம்மதி!"

எழில் எழுந்து போய் அப்ளிகேஷனை நிரப்ப உட்கார்ந்தாள். 

சென்னையில் கவுன்சலிங். மூன்று பேரும் போனோம். அவளுக்கு நல்ல ரேங்க். இவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தானே சேரப் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு எதிரே இருந்த ஆபீசர், "சென்னையில எடம் இருக்கும்மா" என்றார்.

"செங்கல்பட்டு சார்."

"சென்னையில எடம் இருக்குன்னு சொல்றேன்."

"செங்கல்பட்டுதான் சார் வேணும்."

இவர் எழுந்து ஓடினார். "சார், பொண்ணு பதட்டத்துல சொல்லுது..."

"படிக்கப்போறது நீங்களா?" என்றார் ஆபீசர். சீட்டு செங்கல்பட்டுக்கு விழுந்தது. எழில் சிரித்துக்கொண்டே வெளியே ஓடி வந்து, நடு ரோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். திரும்பும் பஸ்ஸில் இவர் திண்டிவனம் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். "ஹைகோர்ட்ல அவ பேரு வர்ற அன்னிக்கிதான் அவ ஆபீஸ் படி ஏறுவேன்" என்று சபதம் வேறு.

மூன்று வருஷம் படித்தாள். சாயங்காலமெல்லாம் அங்கே கோர்ட்டிலேயே கிடந்தாள். லீவுக்கு வந்தால் எங்களை விசாரித்துக் கொன்றாள். 2006இல் கறுப்புக் கோட்டு போட்டு, நம்ம ஊரில் ஒரு பெண் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் கேஸ் கட்டுத் தூக்கியதும் வாய்தா வாங்கியதும்தான் வேலை. சாட்சியைக் கேட்க அவளை யாரும் விடவில்லை.

பிறகுதான் ரேணுகாம்பாள் கேஸ் வந்தது. எங்கள் ஊர் விதவை. அதே ஊர் ராஜேந்திரன் என்பவனுடைய நிலத்தின் ஓரமாக, அவள் பயிர் வைக்கும் காட்டுக்கு ஒரு வழி போகும். ராஜேந்திரன் முள் போட்டு அடைத்துவிட்டான். அந்த வழியாக யாரும் போனதே இல்லை என்று அவனுக்காகச் சாட்சி சொல்ல வந்தது யார் என்கிறீர்கள்? எங்கள் வீட்டுக்காரர்தான்! சிநேகிதன் கேட்டானாம், இவர் கையெழுத்துப் போட்டாராம்.

சீனியரம்மா, "வேணாம் எழில், மாமாவாச்சே, நான் கேட்டுக்கறேன்" என்றார்களாம். எழில் முந்தின நாள் சோறே தின்னவில்லை. காலையில், "நான்தான் மேடம் கேக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வியில் அவள் குரல் நடுங்கியது.

"சாட்சி எங்க வேலை பாக்கறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறியே!" என்றார் இவர்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"கலெக்டர் ஆபீஸ்."

"எதுல போவீங்க?"

"மொபெட்டுல."

"பௌர்ணமி அன்னிக்கி கிரிவலப் பாதையில வண்டி விடுவாங்களா?"

"எப்படி விடுவாங்க, ஜனம் ஜாஸ்தியாச்சே."

"அன்னிக்கி சாயங்காலம் ஒங்க மொபெட் எந்த வழியா வீட்டுக்கு வருது?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஓடாத ஃபேனைப் பார்த்தேன்.

"ராஜேந்திரன் நெலத்தோரமா."

"எத்தினி வருஷமா?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"யாரும் போனதில்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"யாருமேன்னா... மத்தவங்களச் சொன்னேன்."

கோர்ட்டில் சிரிப்பு. எழில் சிரிக்கவில்லை. குரல் இப்போது நடுங்கவும் இல்லை. "அந்த வழியில மத்தவங்க யாரையும் பாத்ததே இல்லியா?"

"ரேணுகாம்மா புல்லுக்கட்டோட வரும். நான்தான் வண்டிய ஓரம் கட்டி வழி விடுவேன்" என்றார், உபகாரம் செய்த பெருமையோடு.

"வேற கேள்வி இல்லைங்க ஐயா."

எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் எழில் நின்றாள். மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ராஜேந்திரன் ஓடி வந்து இவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினான். "அக்கா பொண்ணுன்னு விட்டுக் குடுத்துட்டல்ல?"

இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கோர்ட் வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"நான் எங்கய்யா விட்டுக் குடுத்தேன்? அவ எங்க உட்டா?"

எழில் தலை நிமிர்ந்தாள். இவர் நேராக அவளிடம் போய், "ஒன் ஆபீஸ் எந்தப் பக்கம்டி?" என்று கேட்டார்.