மாப்பிள்ளையும் பெண்ணும்

துளசிக்குக் கண் கூர்மை. மனிதர்களைப் பார்ப்பதில் மட்டும் சுத்த அசடு. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் ஆய்வுக்கூடம் ஒன்றில் நுண்ணோக்கிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. தூசியைவிடச் சிறிய ஒளிரும் மணிகள் பதித்த கண்ணாடித் துண்டை லென்சின் கீழ் வைப்பாள். மணி வட்டமாகத் தெரிந்தால் லென்ஸ் நலம். வால் முளைத்தால் கோளாறு.

அந்தக் கண்ணாடியில் இரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைச் சுற்றி ஏழெட்டு மணிகள் வளைந்து நிற்கும். 'மாப்பிள்ளையும் பெண்ணும், சுத்தி சொந்தக்காரங்க' என்று துளசி பேர் வைத்தபோது, கூட வேலை செய்த குகதாசன் விழுந்து விழுந்து சிரித்தார். உடன்பிறந்தவன் இல்லாத துளசியின் கல்யாணத்தில் அண்ணன் முறைக்கு நின்று, அவள் கையில் பொரி இட்டவர் அவர்தான். பெற்றவர்கள் பேச்சைத் தட்டினாலும் அவர் பேச்சைத் தட்டமாட்டாள்.

தைப்பூசத்துக்கு லீவு எடுத்தாள். சோதனையை அவரிடம் விட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மணிகளுக்கெல்லாம் வால். லென்சின் முகப்பில் கீறல்.

மேலாளர் டாக்டர் சலேஹா இருவரையும் அழைத்தார். துளசியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வேறு. குகதாசன் திரையில் ஒரு படத்தைக் காட்டி, நேற்று எடுத்தது, எல்லாம் நன்றாகவே இருந்தது, இன்று காலை துளசிதான் தொட்டாள் என்று கூசாமல் மலாயில் சொன்னார்.

படத்தின் நடுவே மாப்பிள்ளையும் பெண்ணும். சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

லீவுக்கு முந்தின நாளே அந்தக் கண்ணாடி துளசியின் கை தவறி உடைந்துவிட்டது. சில்லுகளைப் பெருக்கி அள்ளியதே குகதாசன்தான். நேற்று அதை எப்படிப் படம் எடுப்பது? இப்போது லென்சின் கீழ் இருப்பது வேறு கண்ணாடி; பழைய படத்தை நேற்றையது என்கிறார். சலேஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சலேஹா குகதாசனைப் பார்த்தார். அவர் திரையை அணைத்தார்.

வெளியே வந்ததும் குகதாசன் மறித்தார். "லென்ஸ் தெரியாம கண்ணாடியில இடிச்சிருச்சு தங்கச்சி. ரிட்டையர் ஆகப் போற நேரம், பயந்துட்டேன் லா. நீ சின்ன வயசு, பக்கத்துல பிறை ஊர்ல எத்தனையோ ஃபேக்டரி இருக்கு, பொழச்சுக்குவேன்னு நெனச்சேன்."

பயந்ததைக்கூட மன்னித்திருப்பாள். உட்கார்ந்து யோசித்து, இவளைத் தள்ளிவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

"என் கையில பொரி போட்டீங்களே, மிஸ்டர் குகதாசன்," என்றாள். அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை.