சம்பந்தி கட்டிய றிபன்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். தனக்குப் பிடிக்காத இடம் வந்தால் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் அதையே திரும்பச் சொல்வேன். பிறகு எழுதுவாள்.

நான் பாரிசுக்கு வந்தது 2009க்கு அடுத்த வருடம். லா சப்பலில், தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய் தெருவுக்குப் பின்பக்கம், நான்காம் மாடி. படிக்காதவளுக்கு இந்த ஊர் பெரிய கஷ்டமில்லை. மெத்ரோவில் ஸ்டேஷன்களை விரல்விட்டு எண்ணுவேன். கடைகளை வாசலில் தொங்கும் வாழைக்குலையையும் சேலையையும் பார்த்துக் கண்டுபிடிப்பேன். ஒரே ஒரு குறைதான் இருந்தது. சைக்கிள் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதிலேயே வெங்காயக் கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்தைக்கு சைக்கிளில் போனவள். ஒழுங்காகப் பழகினது என்று சொல்ல என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இங்கே படியிறங்கினால் பஸ், லொறி, சாமான் இறக்குகிற வான், காதுக்குப் பக்கத்தால் சீறிக்கொண்டு போகிற ஸ்கூட்டர். சைக்கிள் என்று வாயைத் திறந்தாலே மகள், "கனவிலையும் நினையாதேங்கோ அம்மா. கால் கை முறிஞ்சா ஆர் பாக்கிறது?" என்பாள்.

இந்த மகள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் கட்டினாள். கம்ப்யூட்டர் வேலை. அது எப்படி நடந்ததென்றால்... சரி, கையை நிறுத்திவிட்டாள். அதை விடுகிறேன்.

அந்த மருமகனுக்கு சைக்கிள் பைத்தியம். வீட்டுக்குள் நடக்க இடமில்லாமல் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அதற்கு எண்ணெய் போடுவார்.

"அத்தை, இது கிராவல் பைக். மண்ணு, ஜல்லி, எதுல விட்டாலும் போகும்" என்றார் ஒருநாள்.

"தம்பி, எங்கடை ஊரிலை கிறவல் றோட்டுக்கு எப்ப தார் ஊத்துவாங்கள் எண்டு சனம் பாத்துக்கொண்டு இருந்தது. நீங்கள் காசு குடுத்துத் தேடிப் போறியள்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் நான் சைக்கிள் ஓடினவள் என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் வைகாசியில் ஒரு தீவைப் பற்றிச் சொன்னார். தெற்கே, மத்தியதரைக் கடலில், பொர்க்கெரோல் என்று பெயர். வெளியாட்கள் கார் கொண்டுபோக முடியாது. முழுக்க மண் பாதை. "மூணு நாள். நீங்களும் ஓட்டுங்க அத்தை."

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒருக்கா விழுந்தாலும் சரி, பிறகு சைக்கிள் இல்லை. துறைமுகத்து மரவாங்கிலை குந்தியிருந்து ஐஸ்கிறீம் குடிக்க வேண்டியதுதான்."

அந்த நேரம் மருமகனின் தாயார் மூன்று மாத விசாவில் வந்திருந்தார். எனக்குச் சம்பந்தி. சைக்கிள் தெரியாது, ஆனால் நடப்பார். பருத்திச் சேலைக்கு வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். ரயிலுக்குப் புட்டும் சம்பலும் நான் கட்டினேன், எலுமிச்சம்பழச் சாதம் அவர் கட்டினார். இரண்டும் ரயில் புறப்பட முன்பே முடிந்துவிட்டது.

கப்பலால் இறங்கினவுடன் எனக்கு முதலில் பட்டது சத்தம் இல்லாததுதான். ஹோர்ன் இல்லை. சில்வண்டுகள் மட்டும் விடாமல் கத்துகின்றன. பைன் மர வாசம். பாதையெல்லாம் மங்கல் மஞ்சள் மண், கல்லுக் கல்லாக, எங்கள் கிறவல் போலவேதான். சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மருமகனுக்குப் பின்னால் நான் உட்காரட்டும் என்று இரண்டுபேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நின்ற சின்னச் சைக்கிளைப் பிடித்து, ஏறி, அவருடைய கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அவர் மருமகனிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"பாட்டிக்கு ஹெல்மெட் என்ன கலர் வேணும்னு கேக்கறாருங்க."

முதல் நாள் கடற்கரை வரைக்கும் சமதரை. மகளைக்கூட ஒரு தடவை முந்தினேன். பேத்திக்கு அப்போது ஐந்து வயது, தகப்பனின் பின் ஆசனத்தில் இருந்துகொண்டு எனக்குக் கை தட்டினாள்.

இரண்டாம் நாள், கப்பல்களுக்கு வழிகாட்டுகிற வெளிச்சவீட்டுக்குப் புறப்பட்டோம். அது ஏற்றமும் இறக்கமுமான பாதை. அவர்கள் மூவரும் முன்னால் போய்விட்டார்கள். சம்பந்தி நடந்து வர, நான் கொஞ்சம் ஓடுவதும் அவருக்காக நிற்பதுமாகப் போனேன். முதல் இறக்கத்தில், சின்ன வயதில் பழகினபடி இடது கையால் பிறேக்கை இறுக்கினேன். முன் சில்லு கல்லில் சறுக்கியது. அடுத்த நிமிடம் நான் பாதையோரச் செடிப் பற்றைக்குள் கிடந்தேன். முழங்கை உரசி ரத்தம் கசிந்தது.

சம்பந்தி ஓடி வந்தார். தூக்கி நிமிர்த்தினார். பாதையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க. வேப்பமரத்தைப் பாத்துட்டு இருந்தேன்."

"இஞ்சை எங்கை வேப்பமரம்?"

"அப்ப ஏதோ ஒரு மரம்னு வச்சுக்குங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோவு பெரிதில்லை. நான் தெரியும் என்று நினைத்திருந்த ஒரே விஷயமும் உடம்பை விட்டுப் போய்விட்டதோ என்றுதான் நெஞ்சுக்குள் இருந்தது. மகள் சொன்னது சரியாகிவிட்டது என்று தோன்றியது.

"எனக்கு வயது போட்டுது சம்பந்தி. கை மறந்துபோச்சு" என்றேன்.

அவர் விழுந்து கிடந்த சைக்கிளை எடுத்து நிறுத்தினார். ஊரில் அவருடைய கணவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். ஓடாத எதைக் கண்டாலும் முதலில் சுற்றிப் பார்க்கிற வீடு அது. சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "மிதியைச் சுத்துங்க" என்றார். சுற்றினேன். பின் சில்லு விர்ரென்று ஓடியது.

"இப்ப எடது பிரேக்கைப் புடிங்க."

பிடித்தேன். சில்லு தன் பாட்டுக்கு ஓடியது.

"வலது."

டக்கென்று நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் ஊரில் இடது கைதான் பின் சில்லு. இந்த நாட்டில் அது மாறியிருக்கிறது. இறக்கத்தில் நான் முன் சில்லைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

"உங்க கை எதையும் மறக்கலைங்க. நல்லா ஞாபகமா வச்சதுனாலதான் விழுந்தீங்க" என்றார் சம்பந்தி.

அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்து, தண்ணீர்ப் போத்தலை மாறி மாறிக் குடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருவரும் சிரித்தோம். பிறகு மகளுக்குப் போன் எடுத்து, சம்பந்திக்குக் கால் நோவு என்று பொய் சொல்லித் திரும்பிவிட்டோம். அன்று வெளிச்சவீடு பார்க்கவில்லை.

பின்னேரம் அறையில் நான் சட்டைக் கையை மேலே இழுத்ததை மகள் கண்டுவிட்டாள்.

"உதென்ன முழங்கையிலை? விழுந்தனீங்களோ?"

நான் வாயைத் திறக்க முன்பே சம்பந்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "நான்தாம்மா இடிச்சுட்டேன். பராக்குப் பாத்துட்டு நடந்தேன், உங்கம்மா மேல வந்து மோதிட்டேன்."

என்னைத் திட்ட அவளுக்கு நூறு வார்த்தை வரும். மாமியாரை எப்படித் திட்டுவது? "பரவாயில்லை மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மருந்து எடுத்து வந்து கொஞ்சம் அழுத்தியே பூசிவிட்டாள். மருமகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

மூன்றாம் நாள் காலையில் சம்பந்தி பேத்தியின் தலையிலிருந்து ஒரு றோஸ் றிபனை அவிழ்த்து, என் சைக்கிளின் இடது பிறேக்கில் முடிந்துவிட்டார். "இது வெரலுக்குத் தட்டுப்பட்டா விட்டுருங்க. வலது கையைப் புடிங்க."

வெளிச்சவீடு வரைக்கும் போனேன். கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. மருமகனும் மூச்சு வாங்கினார். மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் கடல். திரும்பி வருகிற இறக்கத்தில் மகள் கீழே போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருந்தாள், ஏதோ நான் விழுந்தால் ஏந்துகிற மாதிரி. விரலில் றிபன் தட்டியது. விட்டேன். வலது கையை மெதுமெதுவாகப் பிடித்தேன். கல்லெல்லாம் சில்லுக்குக் கீழே நெரிந்துகொண்டு போனது. மகளைத் தாண்டி, அப்பால் நடந்துகொண்டிருந்த சம்பந்தியின் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

"மரம் பாக்கிறியளோ?" என்றேன்.

"இல்லைங்க. இந்தத் தடவை உங்களைத்தான் பாத்தேன்" என்றார்.

அந்த றிபன் இப்போது நான் மரக்கறி வாங்க இழுத்துக்கொண்டு போகிற வண்டிலின் பிடியில் இருக்கிறது. ரூ காயில் எல்லோரும் ஒரே மாதிரி வண்டில் இழுப்பதால் எனக்கு அடையாளத்துக்கு உதவுகிறது. சம்பந்தி ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகத்தைக் காட்டி, முழங்கையைக் காட்டச் சொல்லுவார்.

வருகிற வைகாசிக்கு மருமகன் வேறொரு தீவு பார்க்கிறாராம். அங்கேயும் கிறவல் பாதைதானாம். போகலாமா என்று இப்போதுதான் மகளைக் கேட்டேன். எழுதுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போவம். ஆனா முதல் மாமியின்ரை விசாவுக்கு எழுதிப் போடுவம். நீங்கள் விழேக்கை, தான்தான் இடிச்சது எண்டு சொல்லப் பக்கத்திலை ஒரு ஆள் வேணுமெல்லோ."