ஆவணி வரைக்கும் சாகக் கூடாது

இன்று கொடுமுடி பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர் எங்கோ பார்த்த முகமாக இருந்தார். கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, போன வாரம் டிவி படத்துல மாரடைப்புல செத்துப்போனது நீங்கதானுங்களே?"

"நானேதானுங்க அம்மணி. இருவது வருசமா சாவறதுதான் நம்ம பொழப்பு," என்றார். அசதியில் அவருக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

இப்போதுதான் முதல்முறையாகப் படம் முழுக்க வருகிற அப்பா வேடம் கிடைத்திருக்கிறதாம். கடைசியில் சாகிறாராம். ஆனால் ஆவணியில் இவருடைய சொந்த மகளுக்குக் கல்யாணம். அதுவரை சாகிற வேடமே வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். இவர் சொல்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டு, காவிரியில் முழுகிச் சாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார்.

"சாமி மன்னிச்சுப்போடுமுங்க. ஊட்டுல மன்னிப்பாங்களா? சொல்லிப்போட்டே செய்யுங்க," என்றேன்.

"சொன்னா விடமாட்டாளுங்க. சொல்லாட்டி, பாடையில படுத்திருந்தாலும் நெனப்பு அவகிட்டயே இருக்கும். கண்ணு துடிச்சு, சாவு கெட்டுப்போகுமுங்க."

கொடுமுடியில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் பண்ண எஸ்டிடி பூத்துக்குள் போனார். என்ன ஆகுமோ என்று மூட்டு வலியோடு வெளியே நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தார்.

"சம்மதிச்சுட்டாளுங்க. ஆனா நெத்தியில காசு வெக்கக் கூடாது, வாய்க்கரிசி போட விடக் கூடாதுங்கறா. இதைய டைரக்டர்கிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"

எனக்கு அந்தம்மா சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது. காசும் அரிசியும் இல்லாமல் நம்மை அழவைக்கத் தெரியாவிட்டால், இருபது வருடம் செத்து என்ன பிரயோசனம்? நீங்களே சொல்லுங்கள்.